புலிவரித் துப்பாக்கியின் பிறப்பிடம்: திப்பு சுல்தானின் வேட்டைத் துப்பாக்கிகளும் புதுச்சேரித் தொடர்பும்

1. சிக்கல்

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் பகுதியில் நடைபெற்ற ஏலம் ஒன்றில், ஒரு வீட்டுப் பரணில் செய்தித்தாளில் சுற்றிவைக்கப்பட்டிருந்த சில பொருள்கள் விற்பனைக்கு வந்தன. வாள்கள், வெற்றிலைச் செல்லம் ஆகியவற்றுடன் ஒரு துப்பாக்கியும் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் தாமஸ் ஹார்ட் 1799இல் சீரங்கப்பட்டணத்திலிருந்து கொண்டுசென்றவை இவை என்பது குடும்ப வழிச் செய்தி. வெள்ளி அணிவேலைப்பாடு கொண்ட, சக்கிமுக்கிக் கல்லால் தீப்பற்றும் 20 போர் துப்பாக்கி அது. அதன் முனையில் பொருத்துவதற்குரிய பயனெட் கத்தியும் உடனிருந்தது. குண்டு பட்ட சேதம் அதில் தெளிவாகத் தெரிந்தது. 60,000 பவுனுக்கு அது விலைபோயிற்று. திப்பு இறுதிப் போரில் கையாண்ட துப்பாக்கியாக அது இருக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது.

போர் என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் பழைய அளவை. ஒரு பவுண்டு ஈயத்தை இருபது சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று சரியாக நுழையும் குழல் 20 போர் ஆகும். இன்றைய அளவில் அது ஏறத்தாழ 15.6 மில்லிமீட்டர். அக்காலத்து ஆங்கிலேயக் காலாட்படைத் துப்பாக்கியின் உள்விட்டம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். 1777ஆம் ஆண்டு மாதிரிப் பிரெஞ்சுத் துப்பாக்கியின் உள்விட்டம் 17.5 மில்லிமீட்டர். இவ்விரு படைத் துப்பாக்கிகளோடும் ஒவ்வாத சிறிய குழலும் வெள்ளி வேலைப்பாடும் இதனை வேட்டைத் துப்பாக்கிகளின் வரிசையில் சேர்க்கின்றன. பயனெட்டோ போர்க்களத்திற்கு உரியது. மானையும் பறவையையும் குறிவைப்பவனுக்கு அது தேவையில்லை. ஒரே பொருளில் இரண்டு பயன்பாடுகளின் தடம் கலந்து கிடப்பதால் இதனை வகைப்படுத்துவது எளிதன்று.

யாருடைய துப்பாக்கி என்ற கேள்வியே ஏலக்கூடங்களை ஆள்கிறது. வரலாற்று மாணவருக்கு அதனினும் முதன்மையான கேள்வி, யார் செய்த துப்பாக்கி என்பது. திப்புவின் பெயரோடு வழங்கும் நேர்த்தியான வேட்டைத் துப்பாக்கிகளைக் கண்டவர்கள், இவை பிரெஞ்சுக் கைவினைஞரின் வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதிவிடுவது வழக்கமாக உள்ளது. அக்கைவினைஞர் வந்த வழியாகப் புதுச்சேரி சுட்டப்படுகிறது. இக்கட்டுரை அந்த ஊகத்தைச் சோதிக்கிறது. வடிவத்தில் பிரெஞ்சுச் சாயல் இருப்பது வேறு, பிரெஞ்சுக் கை செய்தது என்பது வேறு. முன்னதைப் பின்னதற்குச் சான்றாக வைத்ததால் சீரங்கப்பட்டணத்துப் பட்டறைக்காரர்கள் வரலாற்றில் தம் இடத்தை இழந்திருக்கிறார்கள் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

2. புதுச்சேரி வழி

ஊகத்திற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 1778இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த புதுச்சேரி, 1783ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கைக்குப் பின் 1785இல் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அப்போது ஆளுநராக இருந்த கொசிஞிக்குத் திப்பு எழுதிய கடிதங்கள், கர்க்பாட்ரிக் 1811இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. அதற்கு முன்பே ஹைதர் அலியின் படையில் பிரெஞ்சுக்காரர் பணியாற்றினர். திப்புவின் காலத்திலும் அது தொடர்ந்தது.

1787 ஜூலையில் திப்புவின் தூதர்கள் முகம்மது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முகம்மது உஸ்மான் கான் ஆகிய மூவரும் புதுச்சேரியிலிருந்து 'ஒரோர்' என்னும் கப்பலில் புறப்பட்டனர். பியேர் மொனெரோன் என்னும் வணிகர் உடன்சென்றார். 1788 ஜூனில் துலோன் துறைமுகத்தை அடைந்த அவர்களை, ஆகஸ்டு 10ஆம் நாள் பதினாறாம் லூயி வெர்சாய் அரண்மனையில் வரவேற்றார். படைத்துணை வேண்டியதோடு, பீரங்கி வார்ப்போர், துப்பாக்கி செய்வோர், கடிகாரம், கண்ணாடி, பீங்கான் ஆகிய தொழில்களில் வல்லோர் எனப் பலரையும் திப்பு கேட்டிருந்தார். படைத்துணை கிடைக்கவில்லை. தொழில் வல்லார் சிலர் கிடைத்தனர். 1789 மே மாதம் தூதுக்குழு புதுச்சேரிக்குத் திரும்பியது. (கோரிக்கையைப் பெற்ற அரசர் தாமே பூட்டுச் செய்வதிலும் வேட்டையிலும் பெருவிருப்பம் உடையவர். துப்பாக்கியின் விசைப்பொறியை அவ்வளவு நுணுக்கமாக அறிந்த வேறொரு அரசரிடம் திப்புவின் தூதர் சென்றிருக்க முடியாது.)

புதுச்சேரி ஒரு வாயிலாக இருந்தது என்பதில் ஐயமில்லை. அவ்வாயில் வழியே வந்த சிலருக்கு, மைசூர் அரசின் துப்பாக்கித் தொழில் முழுவதையும் உரிமையாக்கிவிட முடியுமா என்பதே கேள்வி. திப்புவின் ஆயுதப் பட்டறைகள் சீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்ரதுர்க்கம், நகர் எனப் பரவியிருந்தன. கப்பலில் வந்திறங்கிய ஒரு சிறு குழுவால் இத்தனை ஊர்ப் பட்டறைகளும் எழுந்தன என்பது எண்ணிக்கை அளவிலேயே பொருந்தவில்லை.

3. துப்பாக்கியின் உறுப்புகள் சொல்வது

அடையாளம் காண்போர் செய்யும் முதல் பிழை, துப்பாக்கியை ஒரே பொருளாகக் கொள்வது. குழல், விசைப்பொறி, மரக்கட்டை, உலோக அணி ஆகிய நான்கும் நான்கு தொழிலாளரின் வேலை. பெரும்பாலும் நான்கு வெவ்வேறு காலங்களையும் அவை சேர்ந்திருக்கலாம். உடைந்த கட்டையை மாற்றுவதும் நல்ல குழலைப் புதிய பொறியோடு இணைப்பதும் அன்றைய அன்றாட வேலை. ஆகவே ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

இவற்றுள் அதிகம் பேசுவது விசைப்பொறி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் தென்னிந்தியாவில் பரவலாகப் புழங்கியது திரித்துப்பாக்கி. எரியும் திரியைக் கிண்ணத்து மருந்தில் தாழ்த்துவதே அதன் வேலை. அதற்கு வலுவான வில் தேவையில்லை. சக்கிமுக்கிப் பொறி அப்படிப்பட்டதன்று. குதிரை என்று நாம் வழங்கும் உறுப்பு கல்லைக் கவ்விக்கொண்டு பாய்ந்து எஃகுத் தகட்டில் மோத வேண்டும். அந்த அடியிலேயே தகடு பின்சாய்ந்து கிண்ணம் திறக்க வேண்டும். எழும் பொறி கிண்ணத்து மருந்தில் விழ வேண்டும். வில்லின் பதம் சற்று மிகுந்தால் ஒடியும், குறைந்தால் வளைந்தே நிற்கும். இதனால்தான் இந்திய அரசுகள் பல, ஐரோப்பியப் பொறிகளை விலைக்கு வாங்கி உள்ளூர்க் குழலோடு பொருத்திக்கொண்டன. திப்புவின் பட்டறைகளின் தனித்தன்மை இந்தப் பொறியையே அங்குச் செய்ததில் இருக்கிறது.

படைத் துப்பாக்கியில் பிரெஞ்சு மரபையும் ஆங்கில மரபையும் பிரித்தறிவது ஓரளவு எளிது. 1728 முதல் பிரெஞ்சுக் காலாட்படைத் துப்பாக்கியில் குழலும் கட்டையும் உலோக வளையங்களால் பிணைக்கப்பட்டன. ஆங்கிலத் துப்பாக்கியில் குறுக்கூசிகள் அவ்வேலையைச் செய்தன. 1777 மாதிரியில் மருந்துக் கிண்ணம் பித்தளையால் ஆனது; குதிரையின் கழுத்தில் துளை இருக்கும். வேட்டைத் துப்பாக்கிக்கு இந்த இலக்கணம் முழுதும் செல்லாது. படைத் துப்பாக்கி அரசாணையால் வரையறுக்கப்பட்ட மாதிரி. வேட்டைத் துப்பாக்கி உடையவனின் விருப்பத்தால் உருவாவது. லண்டன் வேலைப்பாட்டைப் பாரிசிலும் பாரிஸ் வேலைப்பாட்டை லண்டனிலும் பின்பற்றிய காலம் அது. ஒரு வேட்டைத் துப்பாக்கியில் பிரெஞ்சு வளைவு தெரிகிறது என்றால், அக்காலத்துப் பாணி தெரிகிறது என்பதற்கு மேல் எதையும் அது உறுதிப்படுத்தாது.

முத்திரைகள் இதனினும் உறுதியானவை. ஐரோப்பாவில் புதிய குழல்களை மிகையான மருந்திட்டு வெடித்துச் சோதித்து முத்திரையிடும் வழக்கம் இருந்தது. லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கம் 1637இல் அரசப் பட்டயம் பெற்றது. லியேஜ் நகரில் 1672இல் இதற்கான ஆணை பிறந்தது. ஐரோப்பியக் குழல் எனில் அத்தகைய குறி எங்கேனும் இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். பெரும்பாலும் கட்டையை நீக்கிப் பார்த்தால்தான் தென்படும். சீரங்கப்பட்டணத்துத் துப்பாக்கிகளில் அவ்விடத்தில் காணப்படுபவை வேறு. ஹைதரின் பெயரைக் குறிக்கும் முத்திரை, 'இறைவன் அளித்த அரசு' என்னும் பொருள்படும் 'சர்க்காரே குதாதாத்' என்ற தொடர், பட்டணத்தைச் சுட்டும் 'பட்டன்' என்ற ஊர்ப்பெயர், சிலவற்றில் செய்தவரின் பெயர். ஊரும் பெயரும் பொறித்த கைவினைஞரைப் புறந்தள்ளிவிட்டுப் பெயரில்லாத பிரெஞ்சுக்காரரைத் தேடுவது விந்தையான ஆய்வு முறை.

அடுத்தது புலிவரி. குழலிலும் அணிகளிலும் வளைந்து நெளிந்து ஓடும் இக்கோடுகளைப் 'பப்ரி' என்பர். பாரசீகத்தில் 'பப்ர்' என்றால் புலி. புலிமுக வடிவில் அமைந்த எழுத்தணியில், 'இறைவனின் வெற்றிச் சிங்கம்' என்று அலியைக் குறிக்கும் தொடரும் காணப்படுகிறது. இந்த அலங்காரம் திப்புவின் அரசவைக்கே உரியது என்பதால் இதனை முதன்மை அடையாளமாகக் கொள்கின்றனர். எனினும் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். படைவீரரின் உடையிலிருந்து அரியணை வரை புலிவரி பரவியிருந்தது. ஆகவே அது அரசின் உடைமை என்பதைக் காட்டுமே தவிர, அரசரின் கைப்பொருள் என்பதைக் காட்டாது. திப்பு தம் கையால் பிடித்த துப்பாக்கி என்று அறிவிக்க வேறு சான்று வேண்டும்.

பிரெஞ்சு ஊகத்திற்கு எதிராக நான் பெரிதும் மதிக்கும் சான்று, இணைத் துப்பாக்கிகளில் கிடைக்கிறது. சீரங்கப்பட்டணத்துக் கைத்துப்பாக்கி இணைகளில் ஒன்றன் விசைப்பொறி வலப்புறமும் மற்றதன் பொறி இடப்புறமும் அமைந்து, கண்ணாடியில் காணும் பிம்பம் போல் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பதைக் காணலாம். ஐரோப்பிய இணைகளில் பொதுவாக இரண்டிற்கும் பொறி வலப்புறமே இருக்கும். பழகிய வார்ப்புகளையும் அளவுகளையும் கொண்டு வந்த ஐரோப்பியத் தொழிலாளி இடப்புறப் பொறிக்காக வில், குதிரை, தகடு அனைத்தையும் திருப்பிச் செய்ய முற்படுவது அரிது. அரசவையின் சமச்சீர் விருப்பத்தை அறிந்து அதற்கேற்ப வேலை செய்த பட்டறை மரபு ஒன்று இதன்பின் இருக்க வேண்டும்.

உலோகத் திறனும் அயலிலிருந்து வந்ததன்று. ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்று அழைத்த எஃகுக்கு மூலச்சொல்லாகக் கன்னட 'உக்கு' கருதப்படுகிறது. தமிழில் 'உருக்கு' அதன் உடன்பிறப்பு. திப்பு வீழ்ந்த மறு ஆண்டில் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர் நாட்டைச் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், சென்னபட்டணத்தில் இசைக்கருவிகளுக்கான எஃகுக் கம்பி இழுக்கப்பட்டதையும் அது இந்தியா எங்கும் பெயர்பெற்றிருந்ததையும் பதிவு செய்கிறார். யாழ் நரம்புக்கு ஒத்த எஃகை இழுக்கத் தெரிந்த நாட்டில் துப்பாக்கி வில்லுக்குப் பதம் பார்க்க ஆள் இல்லை என்பது நம்பத்தக்கதன்று.

4. மவுலூதி ஆண்டும் அதன் பொறிகளும்

துப்பாக்கியில் ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்போம். திப்புவின் பொருள்களில் அங்குதான் தடுமாற்றம் தொடங்குகிறது. தம் ஆட்சியின் தொடக்கத்தில் ஹிஜ்ரி ஆண்டைப் பயன்படுத்திய திப்பு, பின்னர் மவுலூதி என்னும் புதிய ஆண்டுமுறையைப் புகுத்தினார். நாணயங்களில் அது 1215ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. இது முழுச் சந்திர ஆண்டன்று. நம் பஞ்சாங்கம் போலச் சந்திர, சூரியக் கணக்குகளை இணைத்தது. பிரபவ முதலான அறுபது ஆண்டுச் சுழற்சியையும் திப்பு கைவிடவில்லை. அந்த அறுபதுக்கும் அரபு எழுத்துகளின் எண்மதிப்பைத் தழுவிய புதிய பெயர்களைச் சூட்டினார். தமிழ் ஆண்டுப் பெயர்களோடு பழகிய ஆய்வாளருக்கு மவுலூதியின் உள்ளமைப்பு ஐரோப்பியரைவிட விரைவில் விளங்கும்.

மவுலூதி ஆண்டோடு 572ஐக் கூட்டினால் ஏறத்தாழக் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். 1215 என்பது 1787. 1227 என்பது 1799. இம்முறையை அறியாதவர் மவுலூதி 1217ஐ ஹிஜ்ரி என்று கொண்டால் அது 1802 என்றாகிவிடும். அதாவது, திப்பு இறந்து மூன்று ஆண்டு கழித்து அவருடைய பட்டறை துப்பாக்கி செய்ததாக முடியும். ஒரு நல்ல பொருள் போலி என்று ஒதுக்கப்படும். இன்னொரு பொறியும் உண்டு. அரபு எழுத்து வலமிருந்து இடமாகச் சென்றாலும் எண்கள் இடமிருந்து வலமாகவே எழுதப்படும். மவுலூதி நாணயங்களிலோ எண்களும் வலமிருந்து இடமாகவே பொறிக்கப்பட்டன. 1217 என்பது நம் கண்ணுக்கு 7121 போலத் தோன்றும். பொருளற்ற எண் என்று தள்ளிவிடுமுன் திருப்பி வாசிக்க வேண்டும்.

இந்த ஆண்டுக் கணக்கு, புதுச்சேரி ஊகத்தைச் சோதிக்க ஒரு தெளிவான எல்லையைத் தருகிறது. தூதுக்குழு தொழில் வல்லாரோடு திரும்பியது 1789 மே. அது மவுலூதி 1217இன் தொடக்கம். எனவே 1215, 1216 ஆகிய மவுலூதி ஆண்டுகளையோ அதற்கு முந்தைய ஹிஜ்ரி ஆண்டுகளையோ தாங்கிய எந்தத் துப்பாக்கியும் அவர்கள் கைப்பட்டதாக இருக்க இயலாது. 1217க்குப் பிற்பட்டவற்றில் அவர்களது பங்கு இருந்திருக்கலாம்; அதற்கு முற்பட்டவற்றோடு ஒப்பிட்டு, பொறியிலோ குழலிலோ புதிய மாற்றம் நிகழ்ந்ததைக் காட்டினால் மட்டுமே அந்தப் பங்கை ஏற்க முடியும். முன்னதையும் பின்னதையும் ஒப்பிடாமல் 1790களின் நேர்த்தியான துப்பாக்கிகளை மட்டும் வைத்துக்கொண்டு வாதிடுவது, விளைந்த கதிரைக் கண்டு விதைத்தவன் பெயரைச் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஹைதர் காலத்துப் பிரெஞ்சு வீரர்களிடமிருந்து உள்ளூர்த் தொழிலாளர் கற்றிருக்கலாமே என்ற மறுப்பு எழக்கூடும். கற்றிருப்பர்; ஆங்கிலேயரிடம் பறித்த துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்தும் கற்றிருப்பர். கற்றுச் செய்தவர் அவர்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

5. கொள்ளையும் விலையும்

1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. முதல் நாள் கட்டற்ற கொள்ளை. பின்னர் வெற்றிப்பொருள் குழுவின் கணக்கெடுப்பு, ஏலம், பங்கீடு. துப்பாக்கிகள் கவர்னர் ஜெனரலிடமிருந்து சிப்பாய் வரை பல கைகளுக்குப் போயின. வின்சர் அரண்மனைத் தொகுப்பிலும் பிறவிடங்களிலும் சில சேர்ந்தன. பல, தனியார் வீடுகளுக்குள் மறைந்தன. அப்போது சென்னையில் ஆளுநராயிருந்த எட்வர்டு கிளைவின் குடும்பத் தொகுப்பு வேல்சிலுள்ள போவிஸ் மாளிகையில் இன்றும் உள்ளது. சீரங்கப்பட்டணத்தில் எடுக்கப்பட்டது என்பதற்கும் திப்புவின் சொந்தப் பொருள் என்பதற்கும் இடையே இருந்த தூரம், தலைமுறைகள் கடந்தபோது குறைந்துகொண்டே வந்தது.

விலையும் அந்தத் தூரத்தைக் குறைக்கிறது. ராபின் விகிங்டன் 1992இல் வெளியிட்ட திப்புவின் துப்பாக்கிகள் பற்றிய நூல் இத்துறையின் அடிப்படை நூல். அவருடைய தொகுப்பு 2015இல் லண்டனில் ஏலம் விடப்பட்டபோது 30 பொருள்கள் 60 இலட்சம் பவுனைக் கடந்தன. 2023இல் திப்புவின் வாள் ஒன்று மட்டும் 1 கோடியே 40 இலட்சம் பவுனுக்கு விற்கப்பட்டது. 'மைசூர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி' என்ற அடக்கமான குறிப்புக்கும் 'திப்புவின் சொந்தத் துப்பாக்கி' என்ற குறிப்புக்கும் இடையே இவ்வளவு பணம் நிற்கும்போது, ஏலப் பட்டியலை ஆய்வுக் கட்டுரையாக மேற்கோள் காட்டுவதில் நாம் கூச்சம் கொள்ள வேண்டும்.

இதே போக்கு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள இயந்திரப் புலிக்கும் நேர்ந்தது. வெள்ளைக்காரனைப் புலி கவ்வும் அந்த மரப் பொம்மையின் உடல் மைசூர் வேலை என்பதை எவரும் மறுப்பதில்லை. உள்ளே ஒலியெழுப்பும் பொறி என்றவுடன் பிரெஞ்சுக் கை என்ற யூகம் வந்து சேர்கிறது. அழகு உள்ளூருக்கும் அறிவு ஐரோப்பாவிற்கும் என்ற இந்தப் பங்கீடுதான் வேட்டைத் துப்பாக்கியிலும் இயங்குகிறது. கட்டையின் செதுக்கலும் குழலின் பொன்வரியும் மைசூருக்கு. வில்லும் குதிரையும் பிரான்சுக்கு.

6. பரண் துப்பாக்கிக்குத் திரும்ப

தொடக்கத்தில் கூறிய 20 போர் துப்பாக்கியை இந்த வரிசையில் வைத்தால், குண்டு பட்ட சேதம் அது போர்க்களத்தில் இருந்ததைக் காட்டும். ஏந்தியவர் யார் என்பதைக் காட்டாது. சிறிய குழலும் வெள்ளி அணியும் அது படைக்கெனச் செய்யப்பட்டதன்று என்பதை உணர்த்தும். வேட்டைக்கும் மெய்க்காப்புக்கும் ஒருங்கே பயன்படும்படி அரசவையினர் ஒருவருக்காகச் செய்த துப்பாக்கி என்று கொண்டால், பயனெட் அங்கு இருப்பதன் முரண் தீர்கிறது. கடைசி நாளில் கோட்டைச் சுவரில் நின்றவர்கள் படைத் துப்பாக்கிகளை மட்டும் ஏந்தியிருந்தார்கள் என்று கொள்வதற்கும் காரணமில்லை.

புதுச்சேரித் தொடர்பை விசாரிக்கத் தமிழில் ஒரு மூலம் உள்ளது. 1778 முதல் 1792 வரையிலான இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பு, தூதுக்குழு புறப்பட்ட 1787 ஜூலையையும் திரும்பிய 1789 மேயையும் தன் கால எல்லைக்குள் கொண்டது. ஒர்சே மா. கோபாலகிருஷ்ணன் பதிப்பித்த இந்நூலைக் கர்க்பாட்ரிக்கின் கடிதத் தொகுப்போடும், துப்பாக்கிகளில் பொறித்த மவுலூதி ஆண்டுகளோடும் பக்கம்பக்கமாக வைத்து வாசிக்க வேண்டும். துறைமுகத்தில் இறங்கியவர் யார், அவர்களுள் மலையேறி மைசூர் சென்றவர் எத்தனை பேர் என்ற கேள்விகளை அந்த வாசிப்பிலிருந்தே தொடங்கலாம். துப்பாக்கிகளின் பக்கமிருந்து முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியவை 1215, 1216 ஆகிய எண்களைத் தாங்கியவை. அவற்றின் விசைப்பொறியைக் கட்டையிலிருந்து கழற்றி, உட்புறத்தைப் பார்க்க வேண்டும்.